நண்டுக் கடைக்கு வழி

நண்டுக் கடைதானே? தெரியும், தெரியும். முதுகில் பையும் அரை டவுசருமாக இந்த ஸ்டாப்பிங்கில் இறங்குகிறவன் வேறு எதற்கு இறங்குவான், கோயிலுக்கா? இந்தச் சிமெண்டு ரோட்டிலேயே நேராகப் போ. கங்கையம்மன் கோயில் வரும். அதைத் தாண்டினால் வலைக்கூடம். அதையும் தாண்டினால் கடல். கடலுக்கு முன்னால் ஒரு நண்டு கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு ஊஞ்சலில் மல்லாந்து படுத்திருக்கும். போர்டுதான். நண்டு எங்கே தம்பி மல்லாந்து படுக்கும்? மல்லாத்திப் போட்டால் அதற்கு உயிர் போகிற அவஸ்தை. அதைப் போய்ச் சிரித்த முகமாக வரைந்து வைத்திருக்கிறான். அவனுக்கும் கடலுக்கும் எவ்வளவு தூரம் என்று அதிலேயே தெரியவில்லையா?

இப்போதே போகாதே, பதினோரு மணிக்குத்தான் திறப்பான். நிழலில் உட்காரு. அந்தக் கூடையைத் தள்ளிவிட்டு உட்காரு, காலிக் கூடைதான். நாறும். மீன்காரி கூடை நாறாமல் மல்லிகைப்பூவா மணக்கும்?

அந்தக் கோடியிலும் இடம் இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. தகரப் பெட்டியும் சாக்கு மூட்டையுமாக உட்கார்ந்திருக்கிறாளே, அவளோடு நீ தாராளமாகப் பேசலாம். நான்தான் பேசக் கூடாது. ஊர்க் கட்டுப்பாடு. அவள் பெயர் தேசம்மா. என் புருஷனுடைய தம்பி பெண்டாட்டி, என் ஓர்ப்படி. முப்பத்தாறு வருஷம் அவள் வைத்த குழம்பை நானும் நான் வைத்த குழம்பை அவளும் குறை சொல்லியே தின்றோம். இப்போது பதினாலு மாசமாக ஒரு வார்த்தை கிடையாது.

ஏன் இப்படிக் கத்துகிறேன் என்று பார்க்கிறியா? கரையில் அலைச் சத்தத்தோடு ஏலம் கேட்டுக் கேட்டு என் தொண்டை இப்படித்தான் ஆகிவிட்டது. அவள் காதில் விழவேண்டும் என்பதற்காக இல்லை. விழுந்தால் விழட்டும், அது வேறு.

கேளு. எங்கள் மாமனார் விட்டுப்போனது கடலோரம் ஒரு மணல் மேடு. வடபாதி அவளுக்கு, தென்பாதி எனக்கு. நடுவில் வேலி கிடையாது, கயிறு கிடையாது. அதுதான் எங்கள் கருவாட்டுக் களம். அவள் பரப்புவாள், நான் திருப்புவேன். நெத்திலி, காரப்பொடி, வாளை, எந்த மீன் மலிவாக வந்தாலும் உப்புப் போட்டுக் காயவைத்து விடுவோம். இரண்டு பேருடைய புருஷன்மாரும் போய்ச் சேர்ந்த பிறகு எங்களுக்குச் சோறு போட்டது அந்த மேடுதான். அப்புறம் எனக்கு முட்டி தேய்ந்துவிட்டது. இரண்டு வருஷம் களத்துப் பக்கம் போகவில்லை. அவள் ஒருத்தியே பரப்பினாள், ஒருத்தியே திருப்பினாள், காக்காயையும் அவளே விரட்டினாள். சாயங்காலம் என் வீட்டுக்கு வந்து என் முட்டிக்கு எண்ணெய் போட்டுவிட்டுப் போவாள். அது வேற விஷயம். அதை இங்கே கொண்டுவராதே.

அப்போதுதான் வந்தான் ஒரு மெட்ராஸ்காரன். வயசு முப்பத்தைந்து இருக்கும். தலைமேல் ஒரு கண்ணாடி, சட்டையில் ஒரு கண்ணாடி. யாரைப் பார்த்தாலும் 'ப்ரோ'. என்னைப் பார்த்து 'ஹாய் பாட்டி' என்றான். யாருக்குடா பாட்டி? கடல் தெரிகிற மாதிரி ஒரு ஹோட்டல், அதோடு பார், வெளிநாட்டுக்காரர்கள் எல்லாம் வருவார்கள், ஊரே மாறிவிடும் என்றான். தேசம்மாவிடம் போய் வடபாதியைக் குத்தகைக்குக் கேட்டான். இவள் கைநாட்டு வைத்துக் கொடுத்துவிட்டாள்.

என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை, தம்பி. ஒரு வார்த்தை. எனக்கு யார் சொன்னது தெரியுமா? ஐஸ் கம்பெனி வண்டிக்காரன்! 'என்னா ஆயா, உன் ஓர்ப்படி ஓட்டல் மொதலாளி ஆயிட்டாங்களாமே' என்று சிரிக்கிறான். நான் ஐஸ் கட்டியைக் கையில் பிடித்தபடியே நிற்கிறேன். அதற்காகக் கோபப்பட்டேன் என்று நினைக்காதே. எனக்கு ஊர்தான் பெரிசு. ஊருக்காகத்தான் கோபம்.

ஊரில் சண்டை மூண்டுவிட்டது. வலைக்கூடத்தில் பஞ்சாயத்துக் கூட்டினார்கள். சர்க்கார் பஞ்சாயத்து இல்லை, இது அம்மன் பஞ்சாயத்து. கல்யாணமான ஆம்பளை ஒவ்வொருத்தனும் ஒரு தலைக்கட்டு. தலைக்கட்டுதான் வரி கொடுக்கும், தலைக்கட்டுதான் உட்காரும், தலைக்கட்டுதான் பேசும். பெண்கள் கூடத்துக்கு வெளியே நின்று கேட்கலாம். புருஷன் இருக்கிறவள் அவன் காதில் ஊதி அனுப்பலாம். என்னை மாதிரி தாலி அறுத்தவள் யார் காதில் ஊதுவாள்?

அன்றைக்கு நடந்த பேச்சை நீ கேட்டிருக்க வேண்டும். காத்தமுத்து என்று ஒரு போட்டுக்காரன், அவன்தான் கடைக்கு வக்கீல். எழுந்து நின்று, 'பசங்களுக்கு உள்ளூர்லயே வேலை. நம்ம மீனை நம்ம கரையிலயே வாங்கிக்கிறேங்கிறான். கசக்குதா?' என்றான்.

'உள்ளூர்லயே வேலை இல்லப்பா, உள்ளூர்லயே குடி' என்றார் ஒரு பெரியவர்.

'இப்ப மட்டும் என்னா மோரா குடிக்கிறோம்? சாராயக் கடையை மூடச் சொல்லி எத்தினி வாட்டி மனு போட்டோம். மூடினானா? நம்மாளு குடிச்சிட்டு சாக்கடையில கிடக்கலாம், அசலூரான் நாற்காலியில உக்காந்து குடிச்சா ஊரு கெட்டுடுமா?'

'பொம்பளைங்க அரைகுறையா கடல்ல குளிப்பாங்க. அதைப் பாத்துக்கிட்டு நம்ம பசங்க வலை இழுப்பானுங்களா?'

'இப்ப மட்டும் உம் புள்ள வலையா இழுக்கிறான்? செல்போனைத்தான் இழுத்துக்கிட்டுக் கிடக்கிறான்!'

கூடமே சிரித்தது. வெளியே நின்ற பெண்கள் சிரிக்கவில்லை. மல்லிகா என்று ஒருத்தி, புருஷன் அடித்து முன்பல் இரண்டு போனவள், 'சிரிங்கடா, சிரிங்க. ராத்திரி வூட்டுக்கு வந்து யாரை உதைப்பீங்கன்னு எங்களுக்குத் தெரியாதா' என்று பல்லைக் கடித்தாள். இருக்கிற பல்லை.

நாட்டாமை தெய்வசிகாமணி தலையைச் சொறிகிறார். இந்தப் பக்கம் பார்க்கிறார், அந்தப் பக்கம் பார்க்கிறார். முடிக்க மாட்டேன் என்கிறார். எனக்கு உள்ளுக்குள் கொதிக்கிறது. தேசம்மா எங்கே நிற்கிறாள்? என் பக்கத்தில்தான். எனக்கு நின்றால் முட்டி விண்விண்ணென்று தெறிக்கும், அதனால் அவள் தோளைப் பிடித்துக்கொண்டுதான் நான் நிற்கிறேன். பிடித்துக்கொண்டேதான் கத்தினேன்.

'நாட்டாமை! அசலூர்க்காரனை என்னாத்துக்குக் கேக்கறே? உள்ளூர்ல இருந்துக்கிட்டு எடத்தைத் தூக்கிக் குடுத்தவளைக் கேளு! போடு கட்டுப்பாடு!'

காத்தமுத்து திரும்பி, 'பொம்பளைக்கு இங்க என்னா பேச்சு?' என்றான். நாட்டாமை கையைக் காட்டினார். 'இரு, பூங்காவனம் அத்தை சொல்றதுல ஞாயம் இருக்குது' என்றார்.

ஞாயம் இருக்கிறது! நாற்பது வருஷமாக அந்தக் கூடத்து வாசலில் நிற்கிறேன், தம்பி. என் வாயிலிருந்து வந்த பேச்சு அன்றைக்குத்தான் உள்ளே போனது. எல்லா ஆம்பளையும் திரும்பி என்னைப் பார்க்கிறான். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. அந்த நேரத்தில் என் கைக்குக் கீழே இருந்த தோள் மெல்ல நகர்ந்துகொண்டது. தட்டிவிடவில்லை, வெடுக்கென்று இழுக்கவில்லை. நகர்ந்துகொண்டது. நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

சாயங்காலம் கோயில் மைக்கில் சொன்னார்கள். தேசம்மா வீட்டோடு யாரும் பேச்சு வைக்கக் கூடாது, கொடுக்கல் வாங்கல் கூடாது, நல்லது கெட்டதுக்குப் போகக் கூடாது, மீறினால் அம்மன் சன்னதியில் விழுந்து மன்னிப்புக் கேட்கவேண்டும். ஊர் முழுக்கக் கேட்டது. கடலில் நின்ற போட்டுக்குக்கூடக் கேட்டிருக்கும்.

உண்மையைச் சொல்லுகிறேன். இரண்டு நாள், மிஞ்சினால் மூணு நாள் என்றுதான் நினைத்தேன். ஓடிவருவாள், 'அக்கா, உன்னைக் கேக்காம செஞ்சது தப்புதான்' என்பாள். நானே போய் நாட்டாமையிடம் சொல்லி எடுத்துவிடலாம் என்று இருந்தேன். வந்தாளா? திமிர் பிடித்தவள். அந்தக் காலத்திலிருந்தே திமிர். பார், வெற்றிலையை மடிக்கிற மடிப்பைப் பார், அதிலேயே தெரியும்.

ஊர் பேசவில்லை. அவளுக்குக் கரையில் யாரும் மீன் கொடுக்கவில்லை. மீன் இல்லாமல் கருவாடு ஏது? பட்டினி கிடப்பாளா? அந்த நண்டுக் கடையிலேயே போய்ப் பின்கட்டில் நண்டு உடைக்கிற வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். பார்த்தியா அவள் புத்தியை? எந்தக் கடை வேண்டாம் என்று ஊர் ஒதுக்கி வைத்ததோ அந்தக் கடைக்கே போகிறாள்! வேறு எங்கே போவாள் என்று கேட்காதே. அது அவள் பாடு.

ஆனால் நான் அவளைக் கவனிக்காமல் இல்லை. மழையில் அவள் வீட்டுக் கூரை ஒழுகியபோது என் ஆட்டைப் பிடித்து, 'ஏய், மேக்கால ஓலை பிச்சிக்கிட்டு கிடக்குது, கண்ணு தெரியலையா' என்று சத்தம் போட்டேன். ஆட்டிடம்தான் சொன்னேன். மறுநாள் அந்த ஓலை கட்டியிருந்தது. எனக்குக் காய்ச்சல் வந்தபோது அவள் தன் வீட்டு வாசலில் நின்றுகொண்டு காக்காயைப் பார்த்து, 'மொளகு ரசம் வச்சிக் குடிச்சாதானே போவும், மாத்திரையை முழுங்கினா போவுமா' என்றாள். எந்தக் காக்காய்க்குக் காய்ச்சல்? நான் ரசம் வைத்துக் குடித்தேன். அவள் சொன்னதற்காக இல்லை. எனக்கே தோன்றியது.

இனிமேல்தான் வயிறு எரிகிற கதை.

நாலாம் மாசம் அந்த மெட்ராஸ்காரன் கோயில் மண்டபத்துக்கு மேலே கூரைத் தகடு போட்டுக் கொடுத்தான். நீலக் கலர் தகடு, போகும்போது பார். அவ்வளவுதான். பஞ்சாயத்தார் எல்லாரும் கடைக்கு விருந்துக்குப் போனார்கள். மறுநாள் காத்தமுத்து தேசம்மாவைப் பார்த்து 'என்ன சித்தி, சவுக்கியமா' என்கிறான். அடுத்த நாள் மல்லிகா அவளிடம் உப்புக் கடன் கேட்கிறாள். ஒவ்வொருத்தராக எல்லாரும் பேசுகிறார்கள். நான் மட்டும் வாயை மூடிக்கொண்டு ஆட்டோடு பேசிக்கொண்டிருக்கிறேன்! எனக்கு ஒருத்தரும் சொல்லவில்லை.

நேரே நாட்டாமையைத் தேடிப் போனேன். எங்கே இருந்தார்? நண்டுக் கடையில். எங்கள் வடபாதியில், நாங்கள் நெத்திலி காயப்போட்ட அதே இடத்தில், கலர்க் குடைக்குக் கீழே உட்கார்ந்து, வறுத்த நெத்திலியை முள்கரண்டியால் குத்திக்கொண்டிருந்தார். நெத்திலியை, தம்பி! முள்கரண்டியால்!

'கட்டுப்பாட்டை எடுத்துட்டீங்களா?' என்றேன்.

'அது அப்பவே முடிஞ்சி போச்சே அத்தை. எல்லாருக்கும் தெரியுமே.'

'எனக்குத் தெரியாது. போட்டது மைக்குல. எடுத்தது எங்க?'

'ஏன் அத்தை, மைக்குல சொன்னா ஊரு சிரிக்காதா? தகட்டுக்கு விட்டுக் குடுத்துட்டானுங்கம்பான். காதும் காதும் வச்ச மாதிரி போவட்டும்.'

'என் வாயால போட்டது நாட்டாமை அது. எடுக்கிறப்ப என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?'

அவர் கரண்டியைக் கீழே வைத்தார். மரியாதையாகத்தான் சொன்னார், அதுதான் எனக்கு இன்னும் எரிகிறது. 'அத்தை, நீ தலைக்கட்டா? உன்னைக் கேக்கிறதுக்கு?'

போடும்போது ஞாயம் இருக்கிறது, எடுக்கும்போது தலைக்கட்டா. கேட்டுக்கோ.

அதோடு விட்டாரா? 'உன் தென்பாதியில அவன் கடைக்கு வர்ற காருங்கதான் நிக்குது. உன் மவன் குணசீலன்தான் எழுதிக் குடுத்திருக்கான். நீ வந்து கட்டுப்பாடு பேசறே' என்று சிரித்தார். ஆமாம், என் மகன் கொடுத்திருக்கிறான். கார்தானே நிற்கிறது? கார் குடித்துவிட்டு ஆடுகிறதா? கார் யாரையாவது உதைக்கிறதா? அதையும் இதையும் ஒன்றாக வைக்கலாமா? நீ படித்தவன், நீயே சொல்லு.

வேண்டாம், சொல்லாதே. உன் முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது.

அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். மைக்கில் சொல்லுகிறவரைக்கும் என் வரைக்கும் கட்டுப்பாடு இருக்கிறது. ஊரில் ஒருத்தியாவது சொன்ன சொல்லில் நிற்கிறாளே என்று அம்மனாவது பார்க்கட்டும். பத்து மாசம் நின்றேன். தெருவில் எதிரே வந்தால் நான் வேலிப் பக்கம் திரும்பிக்கொள்வேன், அவள் கடல் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

போன மாசம் அந்த மெட்ராஸ்காரப் பயல் என்ன செய்தான் தெரியுமா? தேசம்மா கடையில் மீந்துபோன மீனைத் தன் வீட்டு வாசலில் கொஞ்சம் உப்புப் போட்டுக் காயவைத்திருக்கிறாள், கை சும்மா இருக்காதே அவளுக்கு. அதற்கு வந்து, 'கெஸ்ட் எல்லாம் கம்ப்ளெயின்ட் பண்றாங்க, ஸ்மெல் தாங்கல, இங்க காயப்போடக் கூடாது. நீங்களும் இனிமே கிச்சனுக்கு வர வேணாம், உங்க மேலயும் வருது' என்றானாம். ஊர் பார்க்க, வாசலில் நின்று சொல்லியிருக்கிறான். அவள் மேல் நாறுகிறதாம்! அவள் குத்தகைக்குக் கொடுத்த மணலில் கடையைப் போட்டுக்கொண்டு!

என் ஓர்ப்படியை நாறுகிறாள் என்று சொல்ல அவன் யார்? நான் சொல்லலாம். நான் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன். அவன் எப்படிச் சொல்லலாம்? ஊரில் ஒரு தலைக்கட்டு வாயைத் திறந்ததா? திறக்கவில்லை. வாய் நிறைய நெத்திலி இருந்தால் எப்படித் திறக்கும்?

நான் திறந்திருப்பேன், தம்பி. வலைக்கூடத்து வாசலில் நின்று நாட்டாமை காது கிழியக் கத்தியிருப்பேன். அவள் வந்து ஒரு வார்த்தை, 'அக்கா, இப்படிச் சொல்லிட்டான்' என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். ஏழு நாள் வாசல் கதவைத் திறந்தே வைத்திருந்தேன். வரவில்லை. நான் பேசமாட்டேன் என்றால் அவள் எப்படி வந்து கேட்பாள் என்கிறியா? நல்லா இருக்கே! வழி கேட்க வந்தவன் வக்கீல் மாதிரி பேசுகிறியே!

இப்போது மெட்ராஸ் போய் எண்ணூருக்குப் போகிறாள், மகள் வீட்டுக்கு. ஒரேயடியாக. மூணாவது மாடியாம். மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும் அவளுக்கு. நேற்று மல்லிகா என் ஆட்டுக்குத் தழை கொண்டுவந்த சாக்கில் சொன்னாள், பத்தரை மணி பஸ் என்று.

நானா? நான் மார்க்கெட்டுக்குப் போகத்தான் வந்தேன். கூடையைப் பார்க்கவில்லையா? மார்க்கெட் விடியற்காலையோடு முடிந்துவிடும் என்று உனக்கு யார் சொன்னது? எல்லாம் தெரிந்த மாதிரி பேசாதே.

அதோ, வந்துவிட்டது.

எழுந்திரு தம்பி, எழுந்திரு. அந்தப் பெட்டியைத் தூக்கிக் கொடு, நான் தொடக் கூடாது. கைப்பிடி ஒரு பக்கம் விட்டுப்போயிருக்கும், அடியில் கையைக் கொடுத்துத் தூக்கு. மூட்டையைக் காலடியில் போடாதே, கருவாடு நொறுங்கிவிடும், மேலே வை. ஜன்னல் ஓரமாக உட்காரச் சொல்லு, அவளுக்கு பஸ்ஸில் குமட்டும். எலுமிச்சம்பழம் எடுத்துவைத்திருக்கிறாளா, கேளு. நீயே கேட்கிற மாதிரி கேளு. எண்ணூருக்கு எந்த இடத்தில் பஸ் மாறவேண்டும் என்று கண்டக்டரிடம் சொல்லி வை. இரு, நானும் வருகிறேன். ஒன்றுமில்லை, பஸ்ஸில் என்ன போர்டு போட்டிருக்கிறது என்று பார்க்கத்தான்.

கேட்டியா? உன் காதாலே கேட்டியா? 'தள்ளி நில்லுக்கா, சக்கரம் ஏறிடப் போவுது' என்றாளே! ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, என் முகத்தைப் பார்த்து, அக்கா என்றாள்! பதினாலு மாசத்துக்கு அப்புறம் முதலில் வாயைத் திறந்தது யார், நானா அவளா? அவள்தானே? நீதான் சாட்சி. நாட்டாமை கேட்டால் சொல்லு, பூங்காவனம் கடைசிவரைக்கும் மீறவில்லை, அந்தத் தேசம்மாதான் மீறினாள் என்று சொல்லு. சொல்லுவியா?

கையை விடு, நான் நன்றாகத்தான் நிற்கிறேன். புழுதி கண்ணில் பட்டுவிட்டது.

நானும் வாயைத் திறந்தேன், தம்பி. நீ பார்த்தியே, திறந்தேனே. பதில் சொல்லுவதற்குள் விசில் ஊதிவிட்டான். அந்தக் கண்டக்டர் பயலுக்கு அப்படி என்ன அவசரம், சொல்லு? மெட்ராஸ் என்ன, எழுந்து ஓடிவிடுமா?